கார்லினைக் காதால் கேட்பது எப்படி: லிட்டில் டேவிட் தட்டுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்க மேடை நகைச்சுவைக் கலைஞர் ஜார்ஜ் கார்லினை நம்மில் பலரும் முதலில் பார்ப்பது கைப்பேசியில்தான். கறுப்புச் சட்டை, நரைத்த தாடி, மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி அமெரிக்காவையும் கடவுளையும் விளம்பரக் கம்பெனிகளையும் வெளுத்து வாங்குகிற கிழவர். ஐந்து நிமிடத் துண்டு ஒன்றைப் பார்த்து, ‘சரியாத்தான் கேட்கிறார்’ என்று நாலு பேருக்கு அனுப்பிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன்.

அப்புறம் ஒரு நாள், அவர் முப்பத்தைந்து வயதில் பதிவு செய்த ஒலித்தட்டு ஒன்றை முழுதாகக் கேட்க நேர்ந்தது. வேறு ஆள். கோபமே இல்லை. மாப்பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து வாத்தியாருக்குத் தெரியாமல் பக்கத்துப் பையனைச் சிரிக்கவைத்தவன், வளர்ந்த பிறகு அதையே மைக்கில் செய்தால் எப்படியோ அப்படி. துண்டுகளில் நமக்குக் கிடைப்பது அவர் கடைசியில் போய்ச் சேர்ந்த கருத்துகள். அங்கே அவர் எப்படிப் போனார் என்பது தட்டுகளில்தான் இருக்கிறது. அதை வரிசையாக, பக்கம் பக்கமாக, கண்ணை விட்டுவிட்டுக் காதால் மட்டும் கேட்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். எப்படிக் கேட்பது என்பது கீழே.

எதை எடுப்பது

கார்லின் 1937இல் நியூயார்க்கில் பிறந்து 2008 ஜூனில் இறந்தவர். 1960இல் ஜாக் பர்ன்ஸ் என்ற கூட்டாளியோடு பதிவு செய்த தட்டில் தொடங்கி, இறந்த வருடம் வரை ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. எச்பிஓ தொலைக்காட்சிக்கு மட்டும் பதினான்கு தனி நிகழ்ச்சிகள். எல்லாவற்றையும் கேட்கிறேன் என்று இறங்கினால் பாதியில் அலுத்துவிடும்.

நடுவில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. 1972க்கும் 1977க்கும் இடையே லிட்டில் டேவிட் என்ற சின்ன நிறுவனத்துக்கு அவர் ஆறு தட்டுகள் கொடுத்தார். நகைச்சுவைக் கலைஞர் ஃப்ளிப் வில்சனும் மான்டி கே என்பவரும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. அந்த ஆறையும், வெளிவராத பழைய ஒலிப்பதிவுகள் கொண்ட இன்னொரு சிடியையும் சேர்த்து ‘தி லிட்டில் டேவிட் இயர்ஸ்’ என்ற பெயரில் ஏழு சிடிப் பெட்டியாக 1999இல் போட்டார்கள். இந்த வழிகாட்டிக்கு அதுதான் அடிப்படை. பெட்டியே வேண்டும் என்று கட்டாயமில்லை. தட்டுகள் தனித்தனியாக ஸ்ட்ரீமிங்கில் கேட்கக் கிடைத்தால் போதும். நான் பழைய பெட்டியைத் தேடிப் பிடித்து, தபாலில் வந்ததைத் திறந்து பார்த்தால் ஒரு சிடியின் மேல் பூனை நடந்தது போல் கீறல். கடைசியில் அந்த ஒரு தட்டை நானும் கைப்பேசியில்தான் கேட்டேன்.

கேட்பதற்கு முன்னால் நாலு விஷயம்

ஷஃபிளை அணைத்துவிடுங்கள். இது பாட்டு இல்லை. மூன்றாவது டிராக்கில் விதைத்ததை ஏழாவது டிராக்கில் அறுப்பார்.

எல்பி தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இடம் உண்டு. அந்த இருபது நிமிடத்துக்கு ஒரு தொடக்கம், ஒரு முடிவு என்று வைத்துத்தான் வரிசை அமைத்தார்கள். சிடியிலும் ஸ்ட்ரீமிங்கிலும் அந்த இடைவெளி காணாமல் போய்விட்டது. அதை நீங்களே திரும்பக் கொண்டுவர வேண்டும். பாதியில் நிறுத்தி, எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்து மறுபாதியைக் கேளுங்கள்.

வீட்டில் ஸ்பீக்கரில் போடாதீர்கள். இயர்போன் நல்லது. ஆனால் பேருந்தில் வேண்டாம். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு ஒரு கட்டம் வரைதான் தாங்கும். பக்கத்து சீட்டுக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு மெல்ல எழுந்து வேறு சீட்டுக்குப் போயிருக்கிறார்.

ஆங்கிலம் வேகமாக இருக்கிறதே என்று ஓட்டத்தைக் குறைத்துக் கேட்காதீர்கள். நகைச்சுவையில் பாதி, எங்கே நிறுத்துகிறார் என்பதில் இருக்கிறது. வேகத்தைக் குறைத்தால் அந்த நிறுத்தமும் இழுபட்டுக் கெட்டுப்போகும். புரியாவிட்டால் முதல் தடவை போகட்டும் என்று விடுங்கள். எட் சல்லிவன் யார், எந்த வினாடி வினா நிகழ்ச்சியைக் கிண்டல் செய்கிறார் என்பதையெல்லாம் இரண்டாம் தடவைக்கு முன்னால் தேடிக்கொள்ளலாம். ஒலிச்சித்திரமும் நாடகக் கேசட்டும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பழக்கமானதுதான். முகம் தெரியாத குரலுக்கு நாமே ஒரு முகம் வரைந்துகொண்டவர்கள்தானே.

பழைய கார்லினை ஒரு இருபது நிமிடம்

நேராக 1972க்குப் போகாதீர்கள். 1967இல் ஆர்சிஏ விக்டர் வெளியிட்ட ‘டேக் ஆஃப்ஸ் அண்ட் புட் ஆன்ஸ்’ தட்டில் கொஞ்சம் கேளுங்கள். கோட்டும் டையும் மழித்த முகமுமாகத் தொலைக்காட்சியில் வந்துகொண்டிருந்த கார்லின் இவர். வானொலி அறிவிப்பாளர், செய்தி வாசிப்பவர், எப்போதும் ஒரு மயக்கத்திலேயே இருக்கும் வானிலை அறிக்கைக்காரர் ஆல் ஸ்லீட் என்று வேடங்கள். ‘இன்றிரவு வானிலை: இருட்டு. இரவு முழுவதும் இருட்டு நீடிக்கும், விடியற்காலையில் அங்கங்கே வெளிச்சம்’ என்பது ஆல் ஸ்லீட்டின் புகழ்பெற்ற அறிக்கை.

கார்லின் விமானப்படையில் இருந்தபோதே லூசியானாவில் வானொலி அறிவிப்பாளராக வேலை பார்த்தவர். அந்தத் தொழில் குரலை அவர் எவ்வளவு சுத்தமாகப் பிடிக்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். செவ்விந்திய சார்ஜென்ட் என்ற உருப்படி அன்று பெரிய வெற்றி. இன்று கேட்டால் நெளியத்தான் தோன்றும். முழுத் தட்டும் தேவையில்லை. அடுத்ததில் அவர் எதை உதறுகிறார் என்று தெரிய இது போதும்.

எஃப்எம் அண்ட் ஏஎம்: தலைகீழாகக் கேளுங்கள்

1971 ஜூனில் வாஷிங்டனில் செல்லார் டோர் என்ற சின்ன கிளப்பில் பதிவாகி, 1972 தொடக்கத்தில் வந்தது. சிறந்த நகைச்சுவைப் பதிவுக்கான கிராமி விருதையும் வாங்கியது.

பெயரைப் புரிந்துகொள்ள நம் ஊர் அனுபவத்தைத் திருப்பிப் போட வேண்டும். நமக்கு ஏஎம் என்றால் நிதானமான அரசாங்க வானொலி, எஃப்எம் என்றால் டீக்கடையில் விளம்பரமும் கலகலப்புமாக அலறுவது. அன்றைய அமெரிக்காவில் நேர் எதிர். ஏஎம்தான் விளம்பரமும் ஹிட் பாட்டுமாக இரைந்தது. எஃப்எம் நீளமுடி இளைஞர்களின் இடம். நினைத்ததைப் போடுவார்கள், நினைத்ததைப் பேசுவார்கள். ஆக ஏஎம் பக்கம் பழைய கார்லின், எஃப்எம் பக்கம் புதியவர். ஒரே தட்டின் இரண்டு முகங்கள்.

தட்டில் எஃப்எம் பக்கம்தான் முதலில் வரும். நீங்கள் ஆறாவது டிராக்கிலிருந்து, அதாவது ஏஎம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். வினாடி வினா, பதினோரு மணிச் செய்தி, நம் ஆல் ஸ்லீட் எல்லாம் அங்கே விடைபெற வந்திருப்பார்கள். டீ குடித்துவிட்டு வந்து முதல் டிராக்கைப் போடுங்கள். லாஸ் வேகஸில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதற்காக வேலை போன கதை. அதே ஊரில் பெரிய சூதாட்டத்தின் பெயரே ஏறக்குறைய அதே பொருள் தரும் ‘க்ராப்’தானே என்று கேட்பார். நிஜமாக நடந்தது அது. 1970இல் அங்கே ஒரு ஹோட்டல் மேடையிலிருந்து அவரை அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு பக்கத்துக்கும் நடுவே குரல் இறங்குவதைக் கேட்டீர்களா? ஏஎம் பக்கத்தில் பெரும்பாலும் வேறு யாரோ பேசுகிறார்கள். எஃப்எம் பக்கத்தில் ‘நான்’ வருகிறது. முடியும் தாடியும் பற்றிய உருப்படியில் அவர் சொல்வது தன் முகத்தைப் பற்றியே. கிளப் சின்னது என்பதால் இன்னொரு லாபமும் உண்டு. தனித்தனி ஆட்களின் சிரிப்பு காதில் விழும். கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே ஒருவரை அடையாளம் தெரியும்.

கிளாஸ் கிளவுன்: இங்கேதான் தங்க வேண்டும்

ஒரே ஒரு தட்டுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இது. 1972 மே 27 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா சிவிக் ஆடிட்டோரியத்தில் பதிவானது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் பாதுகாத்து வைத்திருக்கும் தட்டுகளில் இதுவும் ஒன்று.

முதல் பக்கத்தில் ஏறக்குறைய ‘கருத்து’ என்று எதுவும் கிடையாது. ஒரு பையன் வகுப்பில் என்னென்ன சத்தம் எழுப்பலாம் என்பதுதான் விஷயம். அக்குள், விரல் முட்டி, கன்னம், உதடு. உதட்டைப் பிதுக்கி எழுப்பும் அந்த அசிங்கமான சத்தத்துக்கு ஒலியியலில் ஒரு கம்பீரமான பெயர் இருக்கிறது என்று கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அதையே ஒரு உருப்படியாக்குகிறார். மேலிதழும் கீழிதழும் பொருந்த ப, ம பிறக்கும் என்று நன்னூலை மனப்பாடம் செய்த வகுப்பில், அதை எத்தனை விதமாகச் செய்துபார்த்தோம் என்பது நினைவுக்கு வந்தால் நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். பிறகு, எல்லோரும் சேர்ந்து எச்சில் விழுங்குவோம் என்பார். நீங்களும் விழுங்கிப் பாருங்கள். வீடியோவில் இதைப் பார்த்தால் ஒரு ஆள் முகத்தைக் கோணுவது தெரியும், அவ்வளவுதான். காதில் கேட்டால் அந்தச் சத்தம் உங்கள் வாய்க்குள் நடக்கிறது.

முதல் தடவை கேட்கும்போது எதுவும் செய்யாதீர்கள். இரண்டாம் தடவை ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, சபையை மட்டும் கவனியுங்கள். நான் மூன்று குறி வைத்துக்கொள்வேன். எல்லோரும் ஒரே நொடியில் வெடித்தால் ஒரு குறி. ஒரு மூலையில் தொடங்கிப் பரவினால் இன்னொன்று. கைதட்டினால் மூன்றாவது. வெடித்த இடத்தில் கார்லின் திருப்பத்தைக் கடைசிச் சொல்லில் வைத்திருப்பார். பரவுகிற இடத்தில் மக்கள் அவரவர் பள்ளிக்கூட நினைவு வந்து சிரிக்கிறார்கள். கைதட்டல் வேறு சங்கதி. சிரிப்பு அடக்க முடியாமல் வருவது, கைதட்டுபவர் யோசித்து ஒப்புக்கொண்டுதான் தட்டுகிறார். இந்த மூன்றாவது குறியின் எண்ணிக்கையை நோட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இரண்டாம் பக்கம் ஐரிஷ் கத்தோலிக்கப் பிள்ளைப் பருவம். கார்லின் படித்த கார்ப்பஸ் கிறிஸ்டி பள்ளி அவர் வீட்டுத் தெருவிலேயே, மார்னிங்சைட் ஹைட்ஸில் இருந்தது. கத்தோலிக்கப் பள்ளிதான், ஆனால் பங்குத்தந்தை புதுமை விரும்பி. சீருடை கிடையாது, மதிப்பெண் கிடையாது, பிள்ளைகள் கேள்வி கேட்கலாம். அப்படிக் கேள்வி கேட்கப் பழகிய பிள்ளைகள் கடைசியில் மதத்தையே கேள்வி கேட்டுவிட்டோம் என்பதுதான் இந்தப் பக்கத்தின் அடிக்கரு. கான்வென்டில் படித்தவர்களுக்கு எந்த விளக்கமும் வேண்டாம். மற்றவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டால் போதும்: வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிடுவது அன்று பாவமாக இருந்து, பிறகு திருச்சபை அந்த விதியைத் தளர்த்தியது. ஈஸ்டர் காலத்துக்குள் ஒரு தடவையாவது பாதிரியாரிடம் நற்கருணை அப்பம் வாங்கியாக வேண்டும் என்பது கடமை. முதலாவதை வைத்து, விதி மாறுவதற்கு முன்னால் இறைச்சி தின்று நரகத்துக்குப் போன ஆட்கள் இன்னும் அங்கேதான் கிடக்கிறார்களா என்று கேட்பார். இரண்டாவதை வைத்துப் பையன்கள் சாமியாரை மடக்கப் பார்ப்பார்கள். கடைசி நாள், கப்பலில் இருக்கிறீர்கள், பாதிரியார் நினைவிழந்து கிடக்கிறார், தேதி தாண்டிப்போகிறது, ஆனால் கப்பல் சர்வதேசத் தேதிக்கோட்டைக் கடந்துவிடுகிறது. இப்போது பாவமா இல்லையா? இந்த வாக்கியம் நீண்டுகொண்டே போவதைக் கேளுங்கள். மூச்சு விடாமல் கேட்கும் பையனின் மூச்சையே கார்லின் தாளமாக எடுத்துக்கொள்கிறார்.

முகமது அலி உருப்படியைத் தனியாக எடுத்து நாலைந்து தடவை கேட்பது நல்லது. வியட்நாம் போருக்கான படைச் சேர்க்கையை அலி 1967இல் மறுத்தார், குத்துச்சண்டை உரிமம் பறிபோனது, 1971இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கார்லின் சொல்வதன் சாரம் இது. அலியின் வேலை ஆட்களை அடிப்பது. அரசாங்கம் சொன்னது, வேலையை மாற்றிக்கொள், போய் ஆட்களைக் கொல்லு. அவர் சொன்னார், அடிக்கிறேன், கொல்ல மாட்டேன். அரசாங்கம் சொன்னது, கொல்ல மாட்டாயென்றால் அடிக்கவும் கூடாது. அடி, கொல் என்ற இரண்டே வினைச்சொற்கள் நாலு தடவை இடம் மாறுகின்றன. போர் தவறு என்று எங்கேயும் பிரசங்கம் இல்லை. பின்னாளில் அவர் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு செய்ததையெல்லாம் இங்கே ஒரு நிமிடத்தில் செய்திருக்கிறார் என்பது என் எண்ணம்.

கடைசி டிராக்தான் பிரபலமானது, தொலைக்காட்சியில் சொல்லவே கூடாத ஏழு வார்த்தைகள். அந்த ஏழையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் பொருளை மறந்துவிட்டு வெறும் ஓசையாகக் கேளுங்கள். முதல் நாலும் ஒரே அசை, நாலு அடி. ஐந்தாவது மூன்று அசை, ஆறாவது நாலு அசை, ஏழாவது மறுபடியும் ஒரே அசை. மிருதங்கக்காரர் தீர்மானம் வைத்து இறக்குவது போலவே இருக்கும். அந்தக் கடைசி வார்த்தை பட்டியலில் இருக்கவே தகுதியில்லாதது, ஏதோ நொறுக்குத்தீனியின் பெயர் மாதிரி இருக்கிறது என்று அவரே குறைபட்டுக்கொள்வார். ஆனால் அது இல்லாவிட்டால் தாளம் தரையில் இறங்காது.

இந்த டிராக் பதிவாகி இரண்டே மாதத்தில், ஜூலை 21 அன்று மில்வாக்கி கோடை விழாவில் இதைச் சொன்னதற்காக அவரைக் கைது செய்தார்கள். டிசம்பரில் வழக்கு தள்ளுபடியானது. தட்டு கடைக்கு வந்தது இவை இரண்டுக்கும் நடுவில், செப்டம்பரில். தட்டைத் தனக்கு முன்னோடியான நகைச்சுவைக் கலைஞர் லெனி புரூஸுக்குக் காணிக்கையாக்கியிருந்தார். 1962 டிசம்பரில் சிகாகோவில் லெனியை ஆபாசப் பேச்சுக்காக மேடையிலிருந்து போலீஸ் பிடித்துக்கொண்டு போனபோது கார்லின் பார்வையாளராக அங்கே இருந்தார். அடையாள அட்டை காட்ட மறுத்ததால் அவரையும் அதே வண்டியில் ஏற்றினார்கள். இதைத் தெரிந்துகொண்டு அந்த டிராக்கைக் கேட்டால், குரலில் பயம் துளியும் இல்லாதது அதிசயமாக இருக்கும்.

ஆக்குபேஷன் ஃபூல்: உச்ச நீதிமன்றத்தோடு சேர்த்துக் கேட்பது

1973 மார்ச்சில் சான் கார்லோஸில் சர்க்கிள் ஸ்டார் என்ற வட்ட அரங்கில் பதிவானது. கிளாஸ் கிளவுனைக் கேட்ட சூட்டோடு இதைப் போட்டால் முதலில் உறைப்பது வேகம். வார்த்தைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வரும். அந்த வருடங்களில் கோகெய்ன் பழக்கம் முற்றியிருந்ததைக் கார்லின் பின்னாளில் ஒளிக்காமல் பேசியிருக்கிறார். என் காதுக்கு அது இங்கே கேட்கிறது. அதனாலேயே இதில் எனக்குப் பிடித்தவை நியூயார்க் தெருக்குரல்களைச் செய்துகாட்டும் பகுதிகள். அந்தத் தெருப் பேச்சுக்கு அந்த வேகம் பொருந்திப்போகிறது.

கடைசி டிராக் ஏழு வார்த்தைகளின் தொடர்ச்சி. பட்டியலில் இன்னும் மூன்றைச் சேர்த்துக்கொள்கிறார். 1973 அக்டோபர் 30 பிற்பகலில் நியூயார்க்கின் டபிள்யூபிஏஐ வானொலி இதை ஒலிபரப்பியது. மகனோடு காரில் போகும்போது கேட்டதாக ஒரு தந்தை புகார் கொடுக்க, அது வளர்ந்து உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1978 ஜூலை 3 அன்று ஐந்துக்கு நாலு என்ற கணக்கில், பிள்ளைகள் கேட்கக்கூடிய நேரத்தில் இத்தகைய பேச்சைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பானது.

நமக்கு வேண்டியது தீர்ப்பின் பின்னிணைப்பு. அந்த டிராக் முழுவதையும் எழுத்தாக்கி நீதிமன்றம் அங்கே சேர்த்திருக்கிறது. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். கார்லின் தொடக்கத்தில் வாயில் வந்தபடி எழுப்பும் ‘அருபடு, ருபடு’ என்கிற அர்த்தமில்லாத ஒலியைக்கூட விடாமல் தட்டச்சு செய்திருக்கிறார்கள். இப்போது இப்படிச் செய்யுங்கள். முதலில் அந்த எழுத்தை மட்டும் மௌனமாகப் படியுங்கள். அங்கங்கே ‘சிரிப்பு’ என்று குறித்திருப்பார்கள். எந்த இடத்தில் உங்களுக்கும் சிரிப்பு வந்தது, எங்கே ‘இதற்கு ஏன் சிரித்தார்கள்’ என்று தோன்றியது என்று பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு டிராக்கைப் போட்டு, எழுத்தைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே கேளுங்கள். ஏன் சிரித்தார்கள் என்று நினைத்த இடங்களில்தான் அவர் குரலை மாற்றியிருப்பார், அரை நொடி தயங்கியிருப்பார், ஒரு வார்த்தையைப் பாடியிருப்பார். நகைச்சுவைக் கலைஞரின் வேலை எது என்று இவ்வளவு தெளிவாகக் காட்டும் பயிற்சி வேறு எனக்குத் தெரியாது.

அடுத்த மூன்று: ஒரு உருப்படிக்காக

டொலீடோ விண்டோ பாக்ஸ் (1974), வாலி லாண்டோ (1975), ஆன் தி ரோடு (1977) மூன்றையும் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். முதல் மூன்றின் தரம் இவற்றில் இல்லை. சளி, குசு, சிறுநீர் என்று உடம்பைச் சுற்றியே வட்டமடிப்பார். அதுவும் ஒரு எல்லை வரைதான்.

ஆனால் வாலி லாண்டோ தட்டில் பேஸ்பாலையும் அமெரிக்கக் கால்பந்தையும் ஒப்பிடும் உருப்படி இருக்கிறது. 1975 அக்டோபரில் சாட்டர்டே நைட் லைவ் நிகழ்ச்சியின் முதல் ஒளிபரப்பைத் தொகுத்து வழங்கியவர் கார்லின்தான், அங்கேயும் இதைச் செய்தார். கால்பந்தில் தலைக்கவசம், பேஸ்பாலில் தொப்பி. கால்பந்தின் சொற்கள் எல்லாம் போர்க்களத்திலிருந்து வந்தவை, பேஸ்பாலில் கடைசி நோக்கம் ‘ஹோம்’, அதாவது வீட்டுக்குத் திரும்புவது. ஆட்ட விதி ஒன்றும் தெரியாமலேயே ரசிக்கலாம். இதையே 1984இன் கார்லின் ஆன் கேம்பஸ் தட்டில் மறுபடியும் செய்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ஒன்பது வருடத்தில் வரிகள் இறுகியிருக்கும், ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு குரல் நிலைபெற்றிருக்கும்: கால்பந்துக்கு உறுமல், பேஸ்பாலுக்குக் குழந்தைக் குரல். பாடகர் ஒரே கீர்த்தனையை இளமையிலும் பின்னாளிலும் பாடிய இரண்டு பதிவுகளை வைத்து அலசும் நம் ரசிகர்களுக்கு இது சொல்லியா தர வேண்டும்.

ஆன் தி ரோடில் சாவைப் பற்றிய நீண்ட பகுதி ஒன்று. சாவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் ஒரு எச்சரிக்கை மணி அடித்தால் எப்படி இருக்கும் என்று விளையாடுகிறார். அடுத்த வருடமே அவருக்கு முதல் மாரடைப்பு வந்தது.

பெட்டியை மூடிவிட்டு 1992க்கு

இப்போது ஜாமின் இன் நியூயார்க் தட்டைப் போடுங்கள். இதற்குள் மூன்று மாரடைப்புகள் வந்து போய்விட்டன. குரல் கரகரத்திருக்கிறது. கிளாஸ் கிளவுனில் ‘நாம எல்லாம் இப்படித்தானே’ என்று பேசியவர், இங்கே எங்கோ உயரத்தில் உட்கார்ந்து மனித இனத்தையே வேடிக்கை பார்க்கிறார். விமானத்தில் சொல்லும் அறிவிப்புகளைச் சொல் சொல்லாகப் பிரித்துப்போடும் பகுதியில் பழைய அறிவிப்பாளர் எட்டிப் பார்ப்பார், பிடித்துக்கொள்ளுங்கள். பூமியைக் காப்பாற்றக் கிளம்பியவர்களைப் பார்த்து, பூமி நன்றாகத்தான் இருக்கிறது, போகப்போவது நாம்தான் என்று சொல்லும் நீண்ட பகுதி இந்தத் தட்டின் உச்சம். இதற்கும் கிராமி கிடைத்தது.

பழைய நோட்டை எடுத்து, அதே மூன்று குறிகளை இங்கேயும் போடுங்கள். என் நோட்டில் கைதட்டல் குறி கிளாஸ் கிளவுனில் இருந்ததைவிட எக்கச்சக்கமாகக் கூடியிருந்தது. 1992இல் அது இன்னும் சிரிப்போடு கலந்தே வருகிறது. பிந்தைய தட்டுகளில் சில இடங்களில் சிரிப்பே இல்லாமல் தட்டல் மட்டும் கேட்கும். கார்லினுக்குப் பதில் ஒரு பிரசங்கி நிற்பது எனக்கு அந்த இடங்களில்தான் தெரிகிறது. நம் கைப்பேசிக்கு வந்து சேரும் துண்டுகளில் பெரும்பாலானவை அந்த இடங்களே. பிந்தைய கார்லின்தான் பெரியவர் என்பவர்கள் நிறையப் பேர். நான் அந்தக் கட்சி இல்லை. ஆனால் எண்ணிப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

போலிகள்

தேடும்போது கண்ணில் படுவதெல்லாம் கார்லின் இல்லை. நம் காலத்தில் கட்டடங்கள் உயர்ந்தன, பொறுமை குறைந்தது என்று போகும் அந்த உருக்கமான மின்னஞ்சல் அவர் எழுதியதே அல்ல. உயிரோடு இருந்தபோதே மறுத்தார். 2024 ஜனவரியில் செயற்கை நுண்ணறிவு செய்தது என்று சொல்லி அவர் குரலைப் போன்ற குரலில் ஒரு மணி நேர நிகழ்ச்சியையே இணையத்தில் ஏற்றினார்கள். அவர் குடும்பத்தார் வழக்குப் போட்டு, சமரசமாகி, அது நீக்கப்பட்டது. தட்டின் பெயரும் வருடமும் இல்லாத ஒலித்துண்டை நம்பாதீர்கள்.

கடைசியாக ஒன்று

எல்லாம் முடிந்த பிறகு, 2016இல் வெளிவந்த ஒரு பதிவைக் கேளுங்கள். ‘நிறையப் பேர் செத்தால் எனக்குக் கொஞ்சம் பிடிக்கும்’ என்பது அதன் பெயரின் பொருள். பேரழிவுச் செய்திகளை ஆவலோடு பார்க்கும் நம் எல்லோருடைய இழிந்த ஆசையைப் பற்றிய உருப்படி. 2001இன் எச்பிஓ நிகழ்ச்சிக்கே அந்தப் பெயரைத்தான் வைக்க நினைத்திருந்தார். லாஸ் வேகஸில் ஒத்திகை போல அதைச் செய்து பதிவு செய்த நாட்கள் 2001 செப்டம்பர் 9, 10. மறுநாள் இரட்டைக் கோபுரத் தாக்குதல். அதைக் கிடப்பில் போட்டுவிட்டு, நவம்பரில் வேறு பெயரில் வேறு நிகழ்ச்சி செய்தார். இந்தத் தட்டில் கார்லினை விடுங்கள். இதுவரை பழகிய காதோடு சபையை மட்டும் கேளுங்கள், எவ்வளவு தாராளமாகச் சிரிக்கிறார்கள் என்று.